வாரம் நாற்பது மில்லி

வைக்கோல் லாரி மின்கம்பியில் உரசியது.
மேலே ஏறிக் கயிற்றை அறுத்தவன் நான்.
ஆறு மாதத்தில் தழும்பு இறுகி
வலது தாடை தோளோடு ஒட்டிக்கொண்டது.
வானம் தெரியாது. வேலை மட்டும் போகவில்லை:
மதகு லஸ்கருக்கு அளவுகல்
எப்போதும் கீழேதான் இருக்கிறது.

தொடையிலிருந்து ஒரு சாண் ரத்தக்குழாய்.
அதைக் கழுத்துக் குழாயோடு தைத்து
நெஞ்சுத் தோலுக்கு அடியில் படுக்கவைப்பார்கள்.
அதற்கும் கீழே ஒரு ரப்பர் பை.
வாராவாரம் உப்புத்தண்ணீர் ஏற்ற ஏற்ற
தோல் விரியும். விரிந்ததைத் திருப்பிக் கழுத்துக்கு.
டாக்டர் ரஜபுநிஷா என் சீட்டின் பின்பக்கம் படம் போட்டார்.
"லஸ்கருக்குத் தெரியாததா,
வாய்க்கால் வெட்டுற மாதிரிதான்."

இல்லம்மா என்றேன்.
வாய்க்காலை வெட்டிவிட்டு
வயலைப் பிடித்து இழுத்தால்
வாய்க்கால் அறுந்துபோகும்.

அவர் பேனாவை மூடினார். சிரிக்கவில்லை.
"அறாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்.
மெதுவா இழுத்தா நீளும். சுவர் தடிக்கும்.
பக்கத்துல மயிரிழையாக் கிளை விடும்.
மெதுவா இழுத்தா."

அப்புறம் செவ்வாய்க்கிழமைகள்.
நீடாமங்கலத்தில் பஸ் ஏறி
தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜில் இறங்கி
நாற்பது மில்லி.
நர்ஸ் ஜெசிந்தா குளிர்ந்த பசை தடவி
பேனா மாதிரி ஒரு கருவியை வைப்பாள்.
ஷ்வ். ஷ்வ். ஷ்வ்.
ஷட்டர் சரியாக உட்காராத இரவுகளில்
பலகை இடுக்கில் கேட்கிற அதே கசிவு.
அங்கே அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு மெமோ வரும்.
இங்கே எல்லோர் முகமும் மலர்கிறது.

சட்டைக்குள்ளே என்ன, இளநியா என்றார் கண்டக்டர்.
தைலம்மை இரண்டு பழைய சட்டையைப் பிரித்து
ஒன்றாகத் தைத்துக் கொடுத்தாள்.
பையைப் பற்றி அவள் கேட்டது ஒரே கேள்வி:
"குப்புறப் படுத்தா உடைஞ்சிடுமா?"

ஏழாவது வாரம் டாக்டரம்மா லீவு.
பயிற்சிக்கு வந்த பையனுக்குக் கையில் அவசரம்.
அறுபத்தைந்து ஏற்றிவிட்டான்.
தோல் சுண்ணாம்பாய் வெளுத்தது.
ஜெசிந்தா கருவியை நகர்த்துகிறாள்,
இன்னும் நகர்த்துகிறாள்.
சத்தம் இல்லை.
சத்தமில்லாத மதகை எனக்குத் தெரியும்,
அதற்குப் பெயர் மே மாதம்.

"இறக்குங்க தம்பி. கரை தாங்காது, இறக்குங்க."
நான்தான் முதலில் கத்தினேன்.
இருபது, முப்பது மில்லி
திரும்ப ஊசிக்குள் ஏறியது.
மூன்று பேரும் மூச்சு விடவில்லை.

ஷ்

ஷ்வ்

ஜூனில் தண்ணீர் திறந்தார்கள்.
என் மதகை வேறு யாரோ ஏற்றினான்.
நான் மேஜைமேல் கிடந்தேன்.

கண் விழித்ததும் செல்போனில் படம் காட்டினார் டாக்டர்.
ஒரு சாண் குழாய் ஒன்றரைச் சாணாகியிருந்தது.
விரிந்த தோலின் அடிப்பக்கமெல்லாம் சிவப்பு நூல்கள்.
"இப்ப என்ன சொல்றீங்க?"
இப்பவும் வாய்க்கால் இல்லம்மா.
வாய்க்காலுக்கு டெண்டர் விடணும், தூர் வாரணும்,
முறைத்தண்ணிக்குச் சண்டை போடணும்.
இது யாரைக் கேட்டுக் கிளைச்சுது?

அவரிடமும் பதில் இல்லை.
ஓரத்தை மட்டும் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அது சரியான பார்வை.
தண்ணீர் வந்ததா என்று தலைப்பில் நிற்பவனைக் கேட்கக்கூடாது,
கடைமடைக்காரனைக் கேட்கவேண்டும்.
காது மடலுக்குக் கீழே
ஒரு விரற்கிடை கருகி உதிர்ந்தது.
எங்கள் பாசனத்திலும் அவ்வளவு கருகும்.

இப்போது தாடை நிமிர்கிறது.
கழுத்தில் நெஞ்சு மயிர் முளைக்கிறது;
சவரம் செய்கிற ரெங்கராசு
எந்தப் பக்கம் வழிப்பதென்று திகைக்கிறான்.

ராத்திரி ஷட்டருக்குக் காவல் இருக்கையில்
கழுத்தில் கொசு கடித்தால்
நான் நெஞ்சைச் சொறிகிறேன்.
அங்கே ஒன்றுமில்லை, வழுவழுப்பான தழும்பு.
கொசு நிதானமாகக் குடித்துவிட்டுப் போகிறது,
என் தொடையிலிருந்து வந்த வழியில் வந்த ரத்தத்தை.